தேனீக்கு மரம் வைக்கும் முன்பு பூ இல்லாத மாதத்தைத் தேடுங்கள்

புங்கன், வேம்பு, நாவல், புளி. தேனீக்கு என்ன மரம் வைக்கலாம் என்று யாரைக் கேட்டாலும் இந்த நான்கும்தான் முதலில் வரும். நான்கும் அருமையான மரங்கள், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் நான்கும் கோடையை ஒட்டிய சில மாதங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்துக் கொட்டிவிடும். மீதி மாதங்களில் தேனீ எதைத் தின்னும் என்று எனக்குக் கன்று விற்றவரும் சொல்லவில்லை, பெட்டி விற்றவரும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை தெரிவதற்குள் கன்று, குழி, வேலி, தண்ணீர் லாரி என்று சேமிப்பில் பெரும்பகுதி கரைந்தது. பணத்தையாவது திரும்பச் சம்பாதிக்கலாம், மரம் வளரக் காத்திருந்த வருடங்களை எங்கே போய் வாங்குவது? இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கினால் அந்த வருடங்களாவது மிஞ்சும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வளர்ப்பது இந்தியத் தேனீ. பொந்துத் தேனீ என்றும் சொல்வார்கள். பெட்டிகளை முதன்முதலில் கொண்டுவந்து வைத்தபோது அந்த நிலம் புதர் மண்டிக் கிடந்தது. தும்பை, வெட்டுக்காயப் பூண்டு, நெருஞ்சி, தொட்டாற்சிணுங்கி எல்லாம் வரப்போரம் தாறுமாறாக வளர்ந்திருந்தன. தேனீக்கள் நன்றாகத்தான் இருந்தன. அப்புறம் மரம் வைக்க ஏற்பாடு செய்தபோது, குழி வெட்டும் கூலியோடு நிலத்தைச் சுத்தம் செய்வதும் சேர்த்தே பேசப்பட்டது. ஆட்கள் வந்து ஒரு புல் விடாமல் செதுக்கி, நிலத்தைத் துடைத்துவைத்த மாதிரி ஆக்கிவிட்டுப் போனார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். கன்றுகள் வேர் பிடித்து வளர்ந்தன. சில வருடங்கள் கழித்துப் புங்கன் முதல் முறையாக நன்றாகப் பூத்தது. அடியில் பூ உதிர்ந்து தரையே தெரியாது, மரத்துக்குக் கீழே நின்றால் காது நிறைய ரீங்காரம். பெட்டியில் தேன் சேரும் மேல்தட்டில், அடை கட்டுவதற்காக வைத்த மரச் சட்டங்கள் நிறைந்தன. எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன். இனி நமக்கு என்ன கவலை என்று இருந்தேன்.

கோடை போய் மழை பிடித்தது. மழை விட்ட பிறகும் பெட்டி வாசலில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஆண் தேனீக்களை வேலைக்காரத் தேனீக்கள் இழுத்து வெளியே தள்ளின. கூட்டில் இருப்பு குறையும்போது இப்படித்தான் செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ நோய் என்று நினைத்துப் பயந்தேன். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து பாகு வைத்தேன். குடித்தன. ஆனாலும் கூட்டம் பெருகவில்லை. ஒரு நாள் புழு வளரும் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து வெயிலுக்குக் காட்டிப் பார்த்தேன். நன்றாக இருக்கிற கூட்டில், சின்னப் புழு ஒவ்வொன்றும் அடையில் தன் சிறு அறையின் அடியில் வெள்ளைப் பாலில் மிதந்துகொண்டு பளபளவென்று கிடக்கும். இதில் அறைகள் வறண்டிருந்தன. புழு இருந்தது, பால் இல்லை. பல அறைகளில் முட்டையே இல்லை. அடையில் புழு அறைகளைச் சுற்றி மஞ்சளும் காவியுமாகச் சேர்த்துவைத்திருக்கும் மகரந்த வளையத்தைக் காணோம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மரம் தேர்ந்தெடுப்பதன் அடிப்படையே இதுதான். பூவிலிருந்து தேனீ இரண்டு சாமான்களை எடுக்கிறது. ஒன்று மதுரம். அது சர்க்கரை நீர், பறக்கவும் கூட்டைச் சூடாக வைத்துக்கொள்ளவும் மெழுகு சுரக்கவும் அதுதான் தெம்பு, தேனாவதும் அதுதான். இன்னொன்று மகரந்தம். புரதம், கொழுப்பு, வைட்டமின் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இளம் தேனீக்கள் மகரந்தத்தைத் தின்றால்தான் அவற்றின் தலையில் உள்ள சுரப்பியில் புழுவுக்கான பால் ஊறும். பெட்டியில் வளர்க்கும் இன்னொரு இனமான இத்தாலியத் தேனீயில், ஒரு புழு வளர்ந்து முழுத் தேனீயாக வெளியே வர 100 மில்லிகிராமுக்கு மேல் மகரந்தம் செலவாகிறது. சர்க்கரைப் பாகு மதுரத்துக்குத்தான் மாற்று, மகரந்தத்துக்கு இல்லை. நான் செய்துகொண்டிருந்தது வெறும் கஞ்சித் தண்ணீரை ஊற்றிப் பிள்ளை வளர்க்கிற மாதிரிதான். ஆகவே எந்த மரத்தின் பெயரை யார் சொன்னாலும் முதல் கேள்வி, இது மதுரம் தருமா, மகரந்தம் தருமா, இரண்டும் தருமா என்பதாக இருக்கட்டும். தேன் நிறையக் கிடைக்கிற மரம் மட்டுமே சுற்றிலும் இருந்தால், பெட்டி கனமாக இருக்கும், உள்ளே பிள்ளைகள் பட்டினி கிடக்கும். ரப்பர் இதற்கு நல்ல உதாரணம். துளிர் விடும் பருவத்தில் மூன்று சிற்றிலையும் சேரும் இடத்தில் உள்ள சுரப்பியிலிருந்து மதுரம் வழியும், தேன் கொட்டும். ஆனால் அது இலையிலிருந்து வருவது, அதோடு மகரந்தம் வராது. கூட்டுக்கு வேண்டிய மகரந்தம் வேறு பூக்களிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

என் கதையைத் தொடர்கிறேன். அடுத்த சில வாரங்களில் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. செத்தல்ல, கிளம்பிப் போய்விட்டன. இந்தியத் தேனீ அப்படித்தான், இரை இல்லையென்றால் அடையை அப்படியே போட்டுவிட்டு ராணியோடு இடம் மாறிவிடும். காலிப் பெட்டியைத் திறந்தால் மெழுகுப் பூச்சியின் புழு அடையெல்லாம் நூலாம்படை பின்னி வைத்திருந்தது. அந்த நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், துக்கத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. தேன் வாங்கிக்கொண்டு போனவர்கள் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பெட்டிகளை விற்றுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். விலை கேட்டு ஆள் வராததால்தான் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

மிச்சமிருந்த பெட்டிகளில் ஒன்று மட்டும் தாக்குப்பிடித்து நின்றது. அதன் வாசலில் காலையில் உட்கார்ந்து பார்த்தபோது தேனீக்கள் பின்னங்காலில் வெளிர் மஞ்சள் உருண்டையோடு வந்துகொண்டிருந்தன. எங்கிருந்து என்று புரியவில்லை. பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறிக்க வந்தவர் மரத்தின் மேலிருந்தே, “அண்ணே, உங்க ஈ பூரா இங்க பாளையிலதான் கிடக்கு” என்று கத்தினார். எனக்கு விஷயம் புரிந்தது அப்போதுதான். தென்னை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு பாளை விடும். பாளையில் ஆண் பூக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், மகரந்தமும் உண்டு, மதுரமும் உண்டு. வருடம் முழுக்க ஏதாவது ஒரு மரத்தில் பாளை விரிந்துகொண்டே இருக்கும். ‘தேனீ மரங்கள்’ என்று என்னிடம் தரப்பட்ட பட்டியலில் தென்னை இல்லவே இல்லை. ஒரே நேரத்தில் அள்ளிக் கொடுப்பதில்லை என்பதால் பட்டியல் போடுகிறவர்கள் அதை மதிப்பதில்லை போலிருக்கிறது. கூட்டைக் காப்பாற்றியது அதுதான்.

அதற்குப் பிறகு கன்று வாங்குவதை நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். இந்தியத் தேனீ பெரும்பாலும் 1 கிலோமீட்டர் சுற்றுக்குள்தான் இரை தேடும். இத்தாலியத் தேனீ 2, 3 கிலோமீட்டர் சாதாரணமாகப் போகும். கொட்டாத சிறு தேனீயான கொசுத்தேனீக்குச் சில நூறு மீட்டர்தான். 1 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அதன் பரப்பு 314 ஹெக்டேர், அதாவது சுமார் 775 ஏக்கர். நம்மிடம் இருக்கிற ஒரு ஏக்கரும் இரண்டு ஏக்கரும் அந்த வட்டத்தில் ஒரு மூலைக்குக் காணாது. ஆக, நம் நிலத்தில் என்ன வைப்பது என்பதைவிட, அந்த வட்டத்துக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது, அது எப்போது பூக்கிறது என்பதே பெரிய விஷயம். ஊரெல்லாம் புங்கனும் வேம்பும் பூத்துக் கிடக்கும் நேரத்தில் நான் இன்னும் நாலு புங்கன் வைத்து என்ன பிரயோசனம்? வாரம் ஒரு முறை அந்த வட்டத்துக்குள் ஒரு நடை நடந்து, எது பூத்திருக்கிறது, அதில் தேனீ இருக்கிறதா, எத்தனை மணிக்கு, நாக்கை நீட்டிக் குடிக்கிறதா, காலில் உருண்டை கட்டுகிறதா என்று எழுதிவைத்தேன். கூடவே, பெட்டியின் பின்பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பார்த்து எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறித்தேன். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு முழு வருடம் எழுதினால் எந்த மாதம் காலி என்பது பக்கத்தைப் புரட்டும்போதே தெரிந்துவிடும். அந்தக் காலி மாதத்துக்குத்தான் செடியும் மரமும் தேட வேண்டும். பெட்டி வாங்குவதற்கு முந்தைய வருடமே இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

எழுதிக்கொண்டே போனபோது இன்னொன்றும் தெரிந்தது. ‘தேனீக்களை ஈர்க்கும்’ என்று அட்டை கட்டி எனக்கு விற்கப்பட்ட அழகுச் செடிகளில் பாதியில் தேனீ உட்காரவே இல்லை. காகிதப்பூவில் நாம் பூ என்று பார்க்கிற வண்ணமெல்லாம் இலைதான், உண்மையான பூ நடுவில் குச்சி மாதிரி மூன்று இருக்கும். இட்லிப்பூவுக்கும் மல்லிகைக்கும் குழல் நீளம். இந்தியத் தேனீயின் நாக்கு சுமார் 5 மில்லிமீட்டர்தான், அடியில் இருக்கிற மதுரம் எட்டாது, பட்டாம்பூச்சிக்குத்தான் எட்டும். அடுக்கு இதழ் பூக்கள் வேண்டவே வேண்டாம். அவற்றில் மகரந்தத் தாள்கள்தான் இதழ்களாக மாறியிருக்கின்றன, எனவே இதழ் கூடக் கூட மகரந்தம் குறையும். பூங்கொத்துக்காக உருவாக்கிய சூரியகாந்தி ரகங்கள் சிலவற்றில் மகரந்தமே கிடையாது, துணியில் கறை படக்கூடாது என்பதற்காக அப்படி ஆக்கியிருக்கிறார்கள். சரக்கொன்றை தங்கமாகத் தொங்கும், ஆவாரையும் அப்படித்தான், ஆனால் இரண்டிலும் மதுரம் கிடையாது. மகரந்தமும் நுனியில் சிறு துளையுள்ள பைக்குள் இருக்கும், உடம்பை அதிரவைத்து உதறி எடுக்கத் தெரிந்த பெரிய வண்டுத் தேனீக்களுக்குத்தான் அது வசதி. தக்காளி, கத்தரி கதையும் இதுவே. இவற்றை அழகுக்காக வைப்பதில் தப்பில்லை, சரக்கொன்றை எனக்கும் பிடிக்கும். தேனீ கணக்கில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு மரத்தைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். சாலையோரங்களில் ஆரஞ்சுச் சிவப்பில் கிண்ணம் கிண்ணமாகப் பூக்கும் ஆப்பிரிக்கத் துலிப் மரம். அதன் பூவுக்குள் சிறு தேனீக்கள், குறிப்பாகக் கொசுத்தேனீ வகைகள், செத்துக் கிடப்பதைப் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் அதை நடவே வேண்டாம்.

சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். வறண்ட இடங்களில் மதுரமும் மகரந்தமும் சேர்த்துத் தருவது அது, தேனீ வளர்ப்பவர் எவரும் மனசாட்சியோடு அதை மறுக்க முடியாது. ஆனாலும் அது ஒரு முறை காலூன்றினால் பக்கத்தில் மற்றதை வளரவிடாது. என் வட்டத்துக்குள் தானாக நிற்பதைக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன், நானாக ஒன்றையும் நடமாட்டேன். அதை வெட்டி அகற்றப்போகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும், அது பூக்கிற மாதங்களுக்கு மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

காலி மாதங்களை நிரப்புவதில் எனக்குக் கைகொடுத்தவற்றைச் சொல்கிறேன். மரத்தில் முருங்கைதான் முதலிடம். செடிமுருங்கை விதைத்த ஆறு மாதத்துக்குள் பூத்துவிடும், கிளையை வெட்டிவிட்டால் பூக்கும் காலத்தை ஓரளவு நம் வசதிக்கு நகர்த்தலாம். எலுமிச்சையும் நல்ல மதுரம் தரும். கொய்யா மகரந்தத்துக்கு. வேலி மேல் பூசணி, பீர்க்கு, வெள்ளரி ஏற்றிவிட்டால் ஆண் பூக்களில் மகரந்தமும் கிடைக்கும், உபரியாகக் காயும் கிடைக்கும். மரம் வளர்ந்து பூக்கும்வரை பட்டினி போட முடியாதே, அதற்குக் குறுகிய காலப் பயிர்கள்தான் வழி. எள்ளும் கடுகும் கொத்தமல்லியும் விதைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூவுக்கு வந்துவிடும். ஒரே நாளில் மொத்தமாக விதைக்காமல் இரண்டு வாரம் விட்டுவிட்டு ஒவ்வொரு பாத்தியாக விதைத்தால் பூ தொடர்ந்து வரும். அறுவடைக்கு ஆசைப்படாமல் கொத்தமல்லியைப் பூக்கவிடுவதுதான் கஷ்டம், வீட்டில் தினமும் பறித்துவிடுவார்கள். பாத்தியைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். ஒரு தேனீ ஒரு தடவை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்குத்தான் போய்வரும். அதனால் பத்து வகையில் ஒவ்வொன்று நடுவதைவிட, மூன்று வகையைக் கூட்டமாக நடுவது நல்லது.

மகரந்தம் என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். தேனீக்குப் பத்து அமினோ அமிலங்கள் உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும் என்று டி குரூட் என்ற ஆய்வாளர் 1953-லேயே காட்டியிருக்கிறார். மக்காச்சோளத்தில் மகரந்தம் கொட்டிக் கிடக்கும், ஆனால் புரதத் தரம் குறைவு, மதுரமோ அறவே இல்லை. சூரியகாந்தி மகரந்தத்திலும் புரதம் குறைச்சல்தான். ஏக்கர் கணக்கில் ஒரே பயிர் சூழ்ந்த இடத்தில் பெட்டி வைத்தவர்கள், பூ இவ்வளவு இருந்தும் ஏன் கூட்டம் மெலிகிறது என்று குழம்புவதற்கு இது ஒரு காரணம். பல வகை கலந்து கிடைத்தால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும்.

கலப்பு என்று வந்தால் களைகளை மிஞ்ச ஆளில்லை. என் நிலத்தில் செதுக்கி எறிந்த செடிகள் திரும்பத் தலைகாட்டியபோது நான் விட்டுவிட்டேன். வெட்டுக்காயப் பூண்டு கிட்டத்தட்ட வருடம் முழுக்கப் பூக்கும். தொட்டாற்சிணுங்கியின் ஊதா உருண்டையில் காலை நேரத்தில் தேனீக்கள் மகரந்தம் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தும்பையில் தேனீ தலையை நுழைத்ததும் பூவின் மேல் உதடு அதன் முதுகில் படியும், வெளியே வரும்போது முதுகில் மகரந்தப் பொடி. இப்போது வரப்போரமும் வேலியோரமும் பூ முடிந்த பிறகுதான் வெட்டச் சொல்கிறேன், அதுவும் பாதிப் பாதியாக. வருகிறவர்கள் தோட்டத்தைச் சுத்தமாக வைக்கக்கூடாதா என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

கன்று வாங்கும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. விதைக்கன்றா, ஒட்டுக்கன்றா என்று கேளுங்கள். புளி விதைக்கன்று என்றால் பூக்கவே ஏழெட்டு வருடம் ஆகலாம், ஒட்டுக்கன்று அதில் பாதிக் காலத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். நாற்றுப் பண்ணையில் என்ன மருந்து அடித்தார்கள் என்றும் கேளுங்கள். சில மருந்துகள் செடிக்குள்ளேயே ஊடுருவி மதுரத்திலும் மகரந்தத்திலும் கலந்துவிடும். இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயாமீத்தாக்சம் ஆகிய மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்த 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது தேனீக்களுக்காகத்தான். சொல்ல மழுப்பினால் அந்த வருடப் பூவைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். அடுத்து, தண்ணீர். வேர்ப்பகுதி காய்ந்து கிடந்தால் மரம் பூத்தாலும் மதுரம் சரியாகச் சுரக்காது, தேனீ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். முக்கியமான மரங்களுக்கு மொட்டு விடும் சமயத்தில் தண்ணீர் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலத்த மழை பெய்தால் வேம்பு மாதிரி வாய் திறந்த பூக்களில் மதுரம் கழுவிப் போகும். தும்பை மாதிரி மூடிய பூக்களும் தலைகவிழ்ந்த பூக்களும் தப்பிக்கும். மழை மாதங்களுக்குச் செடி தேடுகிறவர்கள் பூவின் வடிவத்தையும் பாருங்கள்.

இப்போது பெட்டிகள் பழையபடி ஓரளவு சேர்ந்திருக்கின்றன. புங்கனை வெட்டவில்லை, தேனை அதுதான் தருகிறது. ஆனால் நோட்டில் மழை முடிந்த பிறகு வரும் சில வாரங்கள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. அந்த வாரங்களில் சர்க்கரைப் பாகோடு சோயா மாவையும் பிசைந்து வைத்து ஒப்பேற்றுகிறேன். மகரந்தத்துக்கு அது முழு மாற்றல்ல, தற்காலிகத் தாங்கல்தான். இந்தத் தடவை வேலியோரமாக நீண்ட காலத் துவரையை விதைத்திருக்கிறேன், அது நின்று நிதானமாகப் பூக்கிற பயிர். அந்த வாரங்களில் அதில் தேனீ உட்காரவில்லை என்றால் அடுத்து எதைப் போட்டுப் பார்ப்பது என்று இரண்டு பெயரைப் பென்சிலில் எழுதிவைத்திருக்கிறேன்.